கருமுகிலும் விண்மீனும்: பார்ட் பொக்கின் ஆராய்ச்சி வரலாறு

விண்மீன்கள் செறிந்த வானப் பரப்பின் நடுவே யாதுமற்ற கருந்திட்டொன்று காணப்படின் அதனை யாதெனக் கொள்வது? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹெர்ஷல் அத்தகைய இடங்களை வானத்திலுள்ள துளைகளென எண்ணினார். விண்மீன்கள் இன்மையாலேயே அவ்விடம் இருண்டதென்பது அவர் கருத்து. பின்னர் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் பார்னார்ட் ஒளிப்படக் கருவியின் துணைகொண்டு அவற்றைப் பதிவு செய்து, 1919 இல் 182 கரும்பொருள்களின் பட்டியலொன்றை வெளியிட்டார். அவரும் நெடுங்காலம் ஐயுற்றிருந்து, ஈற்றில் அவற்றுட் பெரும்பாலானவை தமக்குப் பின்னுள்ள ஒளியை மறைக்கும் முகில்களே என ஒப்பினார். துளையென எண்ணப்பட்டது பொருளாயிற்று. அப்பொருள் அங்கு என்ன செய்கின்றது என வினவி, விடையும் கூறத் துணிந்தவருட் பார்ட் பொக் முதன்மையானவர். அவர் கூறிய விடை நன்கு நிலைநாட்டப்பட்ட காலத்தில் அவர் உயிருடன் இருந்திலர்.

பொக் 1906 ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டின் ஹோர்ன் என்னும் ஊரிற் பிறந்தவர். லெய்டன் பல்கலைக்கழகத்திற் பயின்று, பின் குரோனிங்கனில் ஆராய்ச்சி மாணவராயினார். 1928 இல் லெய்டனில் நிகழ்ந்த சர்வதேச வானியல் மாநாட்டில் அவர் வாழ்வின் போக்கை மாற்றிய இருவரைச் சந்தித்தார். ஒருவர் ஹாவார்ட் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஹார்லோ ஷாப்ளி. மற்றவர் பிரிசில்லா ஃபெயர்ஃபீல்ட் என்னும் அமெரிக்க வானியலாசிரியை. பிரிசில்லா வயதில் அவருக்குப் பத்தாண்டு மூத்தவர். அடுத்த ஆண்டே பொக் அமெரிக்கா சென்று அவரை மணந்து, ஹாவார்டிற் பணியேற்றார். அன்றுதொட்டு இருவர் ஆராய்ச்சியும் பிரித்தறிய இயலாதவாறு பிணைந்தது. 1941 இல் இருவரும் சேர்ந்தெழுதிய ‘பால்வீதி’ என்னும் நூல் நாற்பதாண்டுக் காலத்தில் ஐந்து பதிப்புக்களைக் கண்டது. ஆயினும் பணியும் பதவியும் கணவருக்கே உரியவாயின. மனைவியார் உழைப்புக்குரிய ஊதியத்தை ஹாவார்ட் வழங்கிற்றில்லை.

பொக்கின் கலாநிதிப் பட்டத்துக்கான ஆராய்ச்சி ஈற்றா கரீனா என்னும் விண்மீனைச் சூழ்ந்த வானப்பகுதியைப் பற்றியது. அப்பகுதி ஒல்லாந்திலும் தோன்றாது. ஹாவார்ட் அமைந்த நகரிலும் தோன்றாது. யாழ்ப்பாணத்து வானிலோ அது தென்றிசையிற் பங்குனி, சித்திரை மாதத்து முன்னிரவுகளில் ஓரளவு உயர்ந்தே விளங்குவது. பொக் அதனைத் தென்கோளத்தில் எடுக்கப்பெற்ற ஒளிப்படத் தட்டுக்களிலேயே பயின்று 1932 இற் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அவர் தென்னாபிரிக்காவையும் அவுஸ்திரேலியாவையும் நாடிச் சென்றமைக்கு இத்தென்வானப் பற்றும் ஒரு காரணமெனலாம்.

அக்காலத்தில் வானியலாரைப் பிரித்து நின்ற பெரும் வினா அண்டத்தின் வயதாகும். பால்வீதியின் வயதைப் பல மில்லியன் மில்லியன் ஆண்டுகளாக மதித்தார் ஆங்கில அறிஞர் ஜீன்ஸ். பொக் 1934 இல் இதனை வேறொரு வழியால் ஆராய்ந்தார். ஒன்றாகச் செல்லும் விண்மீன் கூட்டங்களைப் பால்வீதியின் ஈர்ப்பு இடைவிடாது இழுத்துச் சிதைத்துக்கொண்டிருக்கும். அவ்வாறாயின், நெடுங்காலம் கழிந்தபின் அத்தகைய கூட்டம் ஒன்றேனும் எஞ்சியிருத்தல் கூடாது. கார்த்திகை மீன்கள் இன்றும் கூட்டமாகவே திகழ்கின்றன. ஆதலின் அக்கூட்டங்களின் வயது சில ஆயிரம் மில்லியன் ஆண்டுகளுக்கு மேற்படாதென அவர் கணித்தார். காலஎல்லை சுருங்கிற்று.

1939 இல் ஹான்ஸ் பெத்தே விண்மீன்களின் ஒளிக்கு மூலம் ஐதரசன் ஈலியமாக மாறுதலே எனக் காட்டியபின் இவ்வினா மேலும் கூர்மையடைந்தது. நீலநிறப் பேரொளி மீன்கள் தம்மிடமுள்ள எரிபொருளைச் சில மில்லியன் ஆண்டுகளிலேயே செலவிட்டுத் தீர்ப்பன. மிருகசீரிடத்துக்கு அணித்தே வெண்ணீலமாக ஒளிரும் ரைஜல் என்னும் மீன், பூவுலகில் டைனோசர்கள் அழிந்து நெடுங்காலத்தின் பின்னரே தோன்றியிருத்தல் வேண்டும். அங்ஙனமாயின் விண்மீன்களின் பிறப்பு என்றோ முடிந்துபோன நிகழ்ச்சியன்று, இன்றும் நடைபெறுவது. எங்கு நடைபெறுகின்றது?

1947 இல் பொக்கும் ஈடித் ரைலி அம்மையாரும் வெளியிட்ட சிறு கட்டுரை இவ்வினாவுக்கு விடை தேடிற்று. ஒளிரும் வாயுமுகில்களின் முன்னே சிறிய, வட்டமான, மிகக் கரிய உருண்டைகள் பல தென்படுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். பெரிய முகிலினின்றும் பிரிந்து, தன் ஈர்ப்பாற் சுருங்கிக்கொண்டிருக்கும் கருவே ஒவ்வோர் உருண்டையும் என்பதும், அதனுள்ளிருந்து விண்மீன் பிறக்கும் என்பதும் அவர்களது ஊகம். அதே ஆண்டில் ஆர்மீனியாவில் விக்டர் அம்பார்ட்சுமியன் இளம் விண்மீன் குழுக்கள் சிதறிப் பரவுவதைக் கண்டு, விண்மீன்கள் குழுவாக இன்றும் பிறக்கின்றன என நிறுவினார். பிறப்பு நிகழ்கின்றதென்பதில் இருவரும் உடன்பட்டனர். பிறப்பிக்கும் பொருள் யாதென்பதிலோ முரண்பட்டனர். ஐதான முகில் சுருங்கி மீனாகின்றதென்பதை அம்பார்ட்சுமியன் ஏற்றிலர்; மிக அடர்ந்த ஆதிப்பொருள் வெடித்துச் சிதறுதலே காரணமென அவர் கருதினார். இவ்வழக்கில் வென்றது முகிற் கொள்கையே. எனினும் அவ்வெற்றி விரைவில் வந்ததன்று.

பொக்கின் ஊகத்துக்கு இருந்த பெருந்தடை எளியது: உருண்டையின் உள்ளே எவராலும் நோக்க இயலவில்லை. கரிய தூசு கட்புலனாகும் ஒளியனைத்தையும் விழுங்கிவிடும். 1951 இல் ஹாவார்டில் யூவனும் பர்செலும் ஐதரசன் அணுவின் 21 சதமமீற்றர் வானொலி அலையைக் கண்டுபிடித்தபொழுது, நாற்பத்தைந்து வயதினரான பொக், தாம் பயிலாத அப்புதுத்துறையிற் புகுந்து, வானொலித் தொலைகாட்டி அமைப்பித்து, மாணவரையும் பயிற்றுவித்தார். இருண்ட முகில்களில் ஐதரசன் மிகுந்திருக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் 1955 இல் அவரும் லோரன்ஸ், மேனன் என்னும் இருவரும் வெளியிட்ட முடிவு நேர்மாறானது. முகில் அடர்ந்த இடங்களிலே ஐதரசன் அலை மிகுந்து காணப்படவில்லை. தம் கொள்கைக்குப் பாதகமாகத் தோன்றிய அம்முடிவைப் பொக் மறைத்திலர். அங்குள்ள ஐதரசன் அணுக்கள் இரண்டிரண்டாய் இணைந்து மூலக்கூறுகளாகியிருக்கலாம் எனவும், அவை அவ்வலையை வெளிவிடா எனவும் விளக்கினார். இற்றை நாளில் மூலக்கூற்று முகில்கள் பற்றிய அறிவு அவ்விளக்கத்தை முற்றாக மெய்ப்பித்துள்ளது. பொக்கின் வாழ்வில் மிகவும் போற்றத்தக்க பகுதி இதுவே எனலாம்.

1957 இல் அவர் அவுஸ்திரேலியாவின் மவுண்ட் ஸ்ட்ரொம்லோ நிலையத்தின் தலைவராகச் சென்றார். கன்பெரா நகரின் விளக்கொளி வானை வெளிறச் செய்வதையுணர்ந்து, தொலைவிலுள்ள சைடிங் ஸ்பிரிங் மலையிற் புதிய நிலையம் அமைய வழிசெய்தார். 1966 இல் அரிசோனாவுக்கு மீண்டு, ஸ்டூவர்ட் நிலையத்தை நடத்தினார். சோதிடத்துக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லையென 186 அறிஞர் 1975 இல் வெளியிட்ட அறிக்கையை ஆக்கியவருள் இவரும் ஒருவர். சாதகம் பாராது மங்கல காரியம் தொடங்காத நம்மவர்க்கு இது சற்று உறுத்தலாம். அவ்வாண்டிலேயே பிரிசில்லாவும் மறைந்தார்.

இதற்கிடையே கருவிகள் மாறின. 1970 இல் விண்வெளியிற் கார்பன் ஓரொட்சைட்டின் அலை கண்டறியப்பட்டது. ஐதரசன் மூலக்கூறு பேசாதிருந்த இடத்தில் இது பேசிற்று. கருவுருண்டைகளின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 260 பாகை எனவும், அவற்றின் திணிவு சூரியனைப்போற் சில மடங்கு முதற் பல மடங்கு வரை எனவும் தெரியவந்தன. 1983 தை மாதத்தில் அமெரிக்கா, பிரித்தானியா, ஒல்லாந்து ஆகிய நாடுகள் கூடிச் செலுத்திய செய்மதி, தூசைக் கடந்து வரவல்ல செந்நிறக்கீழ்க் கதிர்களால் வானமனைத்தையும் நோக்கத் தொடங்கிற்று. பொக் அவ்வாண்டு ஆனியிற் சூரிய கிரகணம் காண இந்தோனேசியா சென்று திரும்பி, ஆவணி 5 ஆம் நாள் தூசோனிற் காலமானார். செய்மதி அப்பொழுதும் வானை அளந்துகொண்டிருந்தது.

அதன் பதிவுகளைக் கொண்டு யுன், கிளெமன்ஸ் என்னும் இருவர் நூற்றுக்கணக்கான கருவுருண்டைகளை ஆராய்ந்தனர். அவற்றுட் பலவற்றின் அகத்தே இளம் விண்மீன்களின் வெப்பம் புலப்பட்டது. 1990 இல் வெளிவந்த அவர்தம் கட்டுரையின் தலைப்பே பார்ட் பொக் கூறியது சரியென அறிவித்தது.

எல்லா உருண்டைகளும் மீனைச் சுமப்பன அல்ல. பார்னார்ட் பட்டியலில் 68 ஆம் எண்ணுடைய முகிலை 2001 இல் ஆராய்ந்தவர், அதன் உள்ளமுக்கமும் ஈர்ப்பும் ஏறக்குறைய சமன்பட்டு நிற்பதையும், அச்சமநிலை குலையும் எல்லைக்கு அது மிக அணித்தாயிருப்பதையும் கண்டனர். அதனுள்ளே இன்னும் விண்மீன் இல்லை.