மிலானா, அட்டக்ஸா?

1986-இல் வெளிவந்த 'ஹூசியர்ஸ்' படத்தின் கடைசி ஆட்டத்தில், ஹிக்கரி என்ற குக்கிராமப் பள்ளியிடம் ஒரு பெரிய நகரப் பள்ளி தோற்றுப்போகும். தோற்ற அணியின் பயிற்சியாளராக ஒரு கறுப்பினத்தவர் வருவார். வசனம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அந்த வேடத்தில் நடித்தவர் ரே குரோ. அவர் நடிகரல்ல. 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இண்டியானா மாநிலப் பள்ளிக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்ற கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளியின் நிஜப் பயிற்சியாளர் அவர்தான். ஜெயித்த மனிதரைத் தோற்றவர்களின் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது சினிமா. அவர் அதைச் சிரித்துக்கொண்டே செய்துகொடுத்திருக்கலாம். ஆனால் அந்த மாநிலத்தின் மிகச் சிறந்த பள்ளி அணி எது என்ற முடிவில்லாத வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது.

இண்டியானா சோளக்காட்டு மாநிலம். கூடைப்பந்து பிறந்தது மாசசூசெட்ஸில் என்றாலும் வளர்ந்தது இங்கேதான் என்று இங்குள்ளவர்கள் சாதிப்பார்கள். ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே 1925-இல் இண்டியானாபொலிஸுக்கு வந்து பள்ளிகளின் இறுதிப் போட்டியைப் பார்த்து மலைத்துப் போனவர். நீண்ட பனிக்காலம், விதைப்புக்கு முந்தைய ஓய்வு மாதங்கள், ஒரு கால்பந்து அணிக்குப் போதுமான பையன்கள் இல்லாத சிறு பள்ளிகள் ஆகியவை சேர்ந்து ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தை ஊர்த் திருவிழாவாக்கிவிட்டன. மார்ட்டின்ஸ்வில் என்ற சிற்றூரில் 1920-களில் எழுந்த ஆட்ட அரங்கத்தில் அன்றைய ஊர் ஜனத்தொகையைவிட இருக்கைகள் அதிகம். அந்த அரங்கத்தில் ஆடி 1927-இல் மாநிலப் பட்டம் வென்ற பையன்களில் ஒருவர், பின்னாளில் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் பத்து தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்த ஜான் வுடன். நியூ காசிலில் 1959-இல் திறந்த பள்ளி அரங்கத்தில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் உட்கார இடமிருந்தது.

வாதத்துக்கு உயிர் கொடுத்தது போட்டியின் அமைப்புதான். 1911-இல் கிராஃபோர்ட்ஸ்வில் பள்ளி லெபனான் பள்ளியை 24-17 என்று வென்று முதல் பட்டத்தை எடுத்ததிலிருந்து 1997 வரை, மாநிலம் முழுவதற்கும் ஒரே போட்டி, ஒரே கோப்பை. நூறு மாணவர்கள் உள்ள பள்ளியும் இரண்டாயிரம் மாணவர்கள் உள்ள பள்ளியும் ஒரே சீட்டுக் குலுக்கலில் வரும். ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் ஓர் ஆண்டின் சாம்பியன் என்றால் மாநிலத்தின் அத்தனை பள்ளிகளுக்கும் மேலே நின்ற ஓர் அணி என்றுதான் பொருள்.

பழையவர்கள் ஃபிராங்க்ளினிலிருந்து ஆரம்பிப்பார்கள். 1920, 1921, 1922 என்று தொடர்ந்து மூன்று பட்டங்களை வென்ற அந்தப் பள்ளி அணிக்கு 'அதிசய ஐவர்' என்று பெயர். ராபர்ட் வாண்டிவியர் அதன் நட்சத்திரம். பயிற்சியாளர் எர்னஸ்ட் வாக்னர் உள்ளூர்க் கல்லூரிக்கு மாறியபோது, பையன்களும் அவர் பின்னாலேயே அங்கே போய்ப் பெரிய பல்கலைக்கழக அணிகளைத் தோற்கடித்தார்கள். பெருமைதான். ஆனால் அன்று ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் ஆட்டம் நடுவட்டத்துக்குத் திரும்பும். இரண்டு பேர் எகிறிப் பந்தைத் தட்டினால்தான் மறுபடி தொடங்கும். அந்த விதி போனது 1937-இல். 1922 இறுதிப் போட்டியின் கணக்கு 26-15. இந்த வேகத்தில் ஆடிய அணியைப் பின்னாள் அணிகளோடு நேருக்கு நேர் நிறுத்துவது வீண்வேலை. தன் காலத்தில் எவ்வளவு உயரம் நின்றது என்று மட்டுமே அளக்க முடியும்.

அந்த அளவுகோலைத்தான் எல்லோரும் மிலானுக்கு வரும்போது மறந்துவிடுகிறார்கள்.

மிலான் தென்கிழக்கு இண்டியானாவில் அன்று ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊர். 1954-இல் அங்கே பள்ளியில் படித்தவர்கள் 161 பேர். பயிற்சியாளர் மார்வின் வுட்டுக்கு வயது 26. அந்த ஆண்டு 751 பள்ளிகள் போட்டியில் இறங்கின. மார்ச் 20 அன்று பட்லர் அரங்கத்தில் மிலானுக்கு எதிரே நின்றது, அதற்கு முன் நான்கு பட்டங்களை வென்றிருந்த மன்சி சென்ட்ரல். நான்காவது கால்பகுதியில் பாபி பிளம்ப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடங்களுக்கு மேல் அசையாமல் நின்றார். இத்தனை விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற கட்டாயம் அன்று கிடையாது. பார்வையாளர்கள் தவித்துப் போனார்கள். கடைசி விநாடிகளில் வலப்பக்கம் ஓடி நின்று, பதினைந்தடித் தூரத்திலிருந்து எறிந்தார். 32-30. மறுநாள் அந்தச் சின்ன ஊருக்குள் பல்லாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். 'ஹூசியர்ஸ்' படத்துக்குக் கரு தந்தது இந்த ஆட்டம்தான்.

மிலானை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவதும் அநியாயம். அதற்கு முந்தைய ஆண்டே அவர்கள் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்திருந்தார்கள். 1954-இல் தோற்றது இரண்டே ஆட்டங்கள். மன்சிக்கு எதிரான ஆட்டத்தைத் தவிர, போட்டியின் மற்ற ஆட்டங்களில் மூச்சுத் திணறவும் இல்லை. படத்தில் வருவதுபோல் கடைசி நேரத்தில் கூட்டிச் சேர்த்த கும்பலுமல்ல. சின்ன வகுப்பிலிருந்தே சேர்ந்து ஆடிய பையன்கள். வழியில் அவர்கள் தோற்கடித்த அணிகளில் மிலானைவிடச் சிறிய மாண்டெசூமாவும் உண்டு என்பது பலருக்கு நினைவில் இல்லை. கிறிஸ்பஸ் அட்டக்ஸும் உண்டு: 65-52. அந்த அட்டக்ஸ் அணியில் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்த ஒல்லிப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் ஆஸ்கர் ராபர்ட்சன்.

அட்டக்ஸ் பள்ளி ஏன் இருந்தது என்பதிலிருந்தே அதன் கதையைத் தொடங்க வேண்டும். 1920-களில் இண்டியானா அரசியலை கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு ஆட்டிப்படைத்தது. அதுவரை இண்டியானாபொலிஸில் வெள்ளை மாணவர்களோடு ஒரே உயர்நிலைப் பள்ளிகளில் படித்த கறுப்பின மாணவர்களைப் பிரித்துவிட 1927-இல் திறந்த பள்ளி இது. முதலில் ஜெஃபர்சன் என்று பெயர் வைக்க இருந்தார்கள். அடிமைகளை வைத்திருந்த ஒருவரின் பெயர் வேண்டாம் என்று மக்கள் போராடி, 1770-இல் பாஸ்டனில் ஆங்கிலேயத் துப்பாக்கிக்கு முதலில் பலியான கறுப்பினத்தவரின் பெயரை வாங்கினார்கள். மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1942 வரை கறுப்பினப் பள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அட்டக்ஸ் பையன்கள் ஆட எதிரணி தேடி வேறு மாநிலங்களுக்குப் போனார்கள்.

1950-இல் பொறுப்பேற்ற ரே குரோ, முதல் ஆண்டிலேயே அணியைக் கடைசி நான்குக்குக் கொண்டுபோனார். பள்ளியின் ஆட்டக்கூடம் ரசிகர்களை உட்கார வைக்க முடியாத அளவு சிறியது. சொந்த மண் என்ற சலுகையே இல்லாமல் எங்கெங்கோ ஆடினார்கள். நடுவர்கள் வெள்ளையர்கள். முதல் பத்துப் புள்ளி நடுவர்களுக்கு, அதற்கு மேல் வருவதுதான் நமக்கு என்று அந்த அணிக்குள் ஒரு கணக்கு இருந்ததாகச் சொல்வார்கள். அதற்காகவே ஆரம்பத்திலிருந்தே வேகமாக ஓடி, எட்டிப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போய்விடுவார்கள். பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மிலான் பாணிக்கு நேர் எதிர். ராபர்ட்சன் வளர்ந்தது லாக்ஃபீல்ட் குடியிருப்புப் பக்கத்தில். அங்கே 'டஸ்ட் பவுல்' என்ற திறந்தவெளி மைதானத்தில் பெரியவர்களோடு மோதிக் கற்ற ஆட்டம் அது.

1955-இல் அட்டக்ஸ் தோற்றது ஒரே ஆட்டம்: கானர்ஸ்வில்லிடம், ஒரு புள்ளியில். இறுதிப் போட்டியில் எதிரே நின்ற கேரி ரூஸ்வெல்ட்டும் கறுப்பினப் பள்ளி. 97-74. எல்லாப் பள்ளிகளும் கலந்துகொள்ளும் மாநிலப் போட்டியொன்றை ஒரு கறுப்பினப் பள்ளி வென்றது அமெரிக்காவிலேயே அதுதான் முதல் தடவை. இன்னொரு விஷயமும் உண்டு. அதுவரை தலைநகரான இண்டியானாபொலிஸின் எந்தப் பள்ளியும் அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை. நகரம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஏங்கிய கோப்பையைக் கொண்டுவந்தவர்கள் யாரை ஒதுக்கிவைக்கப் பள்ளி கட்டினார்களோ அவர்கள்தான்.

சாம்பியன்கள் தீயணைப்பு வண்டியில் ஏறி நகரின் மையமான நினைவுத்தூண் சதுக்கத்துக்கு வந்து கொண்டாடுவது வழக்கம். அட்டக்ஸ் அணியின் வண்டி சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. நிற்கவில்லை. நேரே கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்த நார்த்வெஸ்டர்ன் பூங்காவுக்குப் போய்விட்டது. ராபர்ட்சன் சீக்கிரமே அங்கிருந்து கிளம்பி அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வலியை அவர் பிற்காலத்திலும் பேசினார். மிலானுக்காகப் பல்லாயிரம் பேர் தாமாக வந்து குவிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அடுத்த ஆண்டு அவர்கள் தோற்கவே இல்லை. 31-0. இண்டியானாவில் ஓர் அணி தோல்வியே காணாமல் பட்டம் வென்றது 1956-இல்தான் முதல்முறை. லாஃபயட் ஜெஃபர்சனுக்கு எதிரான இறுதிப் போட்டி 79-57. அதில் 39 புள்ளிகள் ராபர்ட்சனுடையவை. முந்தைய ஆண்டையும் சேர்த்துத் தொடர்ச்சியாக 45 வெற்றிகள்.

அட்டக்ஸுக்கு எதிராக வலுவாக நிற்கக்கூடிய வாதம் மிலானிடமிருந்து வராது. அது வருவது 1969, 1971 அணிகளிடமிருந்து. 1969-இல் இண்டியானாபொலிஸ் வாஷிங்டன் 31-0. ஜார்ஜ் மக்கின்னிஸும் ஸ்டீவ் டவுனிங்கும் ஒரே அணியில் இருந்தார்கள். மக்கின்னிஸ் கடைசி நான்கு ஆட்டங்களில் மட்டும் 148 புள்ளிகள் குவித்து ராபர்ட்சனின் சாதனையைத் தாண்டினார். பிறகு கென்டக்கி மாநில அணிக்கு எதிரான நட்சத்திர ஆட்டத்தில் 53 புள்ளிகள். ஒரு பள்ளிப் பையனின் உடம்பா அது என்று எதிரணிகள் புலம்பியதில் வியப்பில்லை. ஆனால் கேரி டோல்ஸ்டனுக்கு எதிரான இறுதிப் போட்டியில் அவர்கள் தப்பியது மூன்றே புள்ளிகளில்.

மிச்சிகன் ஏரிக்கரையின் எஃகு ஆலை நகரத்திலிருந்து வந்த ஈஸ்ட் சிக்காகோ வாஷிங்டன் 1971-இல் 29-0. பீட் டிரகோவிச் யூசிஎல்ஏவுக்குப் போனார். ஜூனியர் பிரிட்ஜ்மன் பத்தாண்டுகளுக்கு மேல் என்பிஏவில் ஆடிவிட்டு, உணவகத் தொழிலில் இறங்கிக் கோடிகளைப் பார்த்தார். டிம் ஸ்டாடர்டின் கதை இன்னும் விசித்திரம்: கல்லூரிக் கூடைப்பந்து தேசியப் பட்டம் 1974-இல், பேஸ்பாலில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியோடு உலகத் தொடர் பட்டம் 1983-இல். ஒரே பள்ளி ஐவரில் இத்தனை பேர். 1986-இல் அந்தப் பள்ளியே இன்னொன்றோடு இணைந்து பெயரும் போய்விட்டது. பெருமை பேச முன்னாள் மாணவர் படை இல்லாத அணி எந்தப் பட்டியலிலும் ஒரு படி கீழேதான் வரும்.

1969 அணியைப் பயிற்றுவித்த பில் கிரீன், மேரியன் பள்ளிக்குப் போய் 1985, 1986, 1987 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை எடுத்தார். ஃபிராங்க்ளினுக்குப் பிறகு அதைச் செய்த முதல் அணி அதுதான். ஜே எட்வர்ட்ஸ், லிண்டன் ஜோன்ஸ் ஆகிய இருவரும் மூன்று பட்டங்களிலும் இருந்தார்கள். 1985 அணி தோல்வியே காணவில்லை. நீண்டகால ஆதிக்கம்தான் அளவுகோல் என்றால் மேரியனுக்கு எதிராகப் பேசுவது கடினம். 1990-இல் டேமன் பெய்லியின் பெட்ஃபோர்ட் நார்த் லாரன்ஸ் வென்ற இறுதிப் போட்டியைப் பார்க்க ஹூசியர் டோமுக்கு வந்தவர்கள் 41,046 பேர். ஆனால் கூட்டத்தின் அளவு அணியின் தரத்தைச் சொல்லாது. பெண்கள் அணிகளோ இந்த விவாதங்களுக்குள் வருவதே அபூர்வம். மாநிலப் போட்டி அவர்களுக்குத் தொடங்கியதே 1976-இல். அந்த முதல் ஆண்டிலேயே வார்சா தோல்வியின்றி வென்றது.

சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டு, 1997-இல் போட்டியில் இருந்தவை 382 பள்ளிகள்தான். அடுத்த ஆண்டிலிருந்து மாணவர் எண்ணிக்கைப்படி நான்கு பிரிவுகள், நான்கு கோப்பைகள். பாபி பிளம்ப் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். 2004 முதல் 2006 வரை மூன்று பட்டங்களை வென்ற லாரன்ஸ் நார்த்தில் கிரெக் ஓடனும் மைக் கான்லியும் ஆடினார்கள். 2007 என்பிஏ தேர்வில் ஒருவர் முதலாவது, மற்றவர் நான்காவது. அவர்கள் வென்றது பெரிய பள்ளிகளுக்கான 4ஏ பிரிவு. பழைய முறையிலும் அவர்களே வென்றிருப்பார்கள் என்பதில் சந்தேகம் குறைவு. ஆனாலும் 'எல்லோரையும் வென்றவர்கள்' என்ற அந்த ஒரு வார்த்தையை அவர்கள் சொல்லிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

ஒரே இரவு, ஒரே ஆட்டம் என்றால் 1971 ஈஸ்ட் சிக்காகோ மேல் பந்தயம் கட்டலாம். உயரமும் திறமையும் அவ்வளவு நிறைந்த ஐவர் வேறில்லை. முழுப் பருவத்தையும், ஆடிய சூழலையும், எதிரணிகளை விட்டு விலகிப்போன தூரத்தையும் சேர்த்து நிறுத்தால் 1956 அட்டக்ஸ்தான். மிலான் முதல் பத்துக்குள் வரலாம், முதலிடத்துக்கு வராது. அதே மிலானை அடுத்த ஆண்டு வளர்ந்த ராபர்ட்சனுக்கு எதிரே நிறுத்தியிருந்தால் பந்தைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடம் நிற்க விட்டிருப்பார்களா என்பதை யோசித்துப் பார்த்தாலே போதும்.

1986-இல் நடுநிலைப் பள்ளியாகச் சுருங்கிப்போன அட்டக்ஸ், 2006-இல் மறுபடி உயர்நிலைப் பள்ளியானது. 2015-இல், இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தை ஒட்டிய ஊர்வலத்தின் தலைமை விருந்தினர்களாக 1955 அணியினரை அழைத்தார்கள். 2017-இல் 3ஏ இறுதிப் போட்டியில் ட்வின் லேக்ஸை 73-71 என்று வென்று, 1959-க்குப் பிறகு முதல் மாநிலப் பட்டத்தை எடுத்தது பள்ளி. பையன்களுக்குப் பதக்கம் வழங்க நின்றவர் ஆஸ்கர் ராபர்ட்சன். அப்போது அவருக்கு வயது 78.