மோதலும் முறைமையும்: வட அமெரிக்கப் பனி ஹொக்கி வரலாற்றில் ஒரு வழக்கு

விளையாட்டுக்களின் வரலாற்றை எழுதப்புகுவோர் வெற்றி தோல்விகளையும் வீரர்தம் சாதனைகளையும் நிரற்படுத்துவதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். எது ஆட்டம், எது அத்துமீறல் என்று வகுக்கப்பட்ட எல்லைக்கோடு காலந்தோறும் எவ்வாறு இடம்பெயர்ந்தது என்பது அவற்றிலே இரண்டாம் இடமே பெறுகின்றது. ஆயின் வரலாற்று மாணவனுக்கு அக்கோடே முதன்மையானது. கோடு இடம்பெயர்ந்த பின்னர், அதற்கு முன் நிகழ்ந்த செயலொன்றை எந்தக் கோட்டினைக் கொண்டு அளப்பது என்ற சிக்கல் உடனே எழுகின்றது. 2000ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த ஒரேயொரு மோதலை முன்வைத்து இச்சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறைந்த நீரைக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டுமே கண்ட எமக்கு இவ்விளையாட்டு அந்நியமானதே. எம்மவர் பெருந்தொகையினராகக் குடியேறி வாழும் ரொறன்ரோவிலோ அது குளிர்காலத்தின் அன்றாடப் பேச்சு. அணிக்கு அறுவராகச் சறுக்குச் சப்பாத்து அணிந்து பனித்தளத்தில் விரையும் வீரர், கடினமான இறப்பர் வட்டொன்றை மட்டையாற் செலுத்தி எதிரணியின் கோலுக்குள் புகுத்த முயல்வர். வட்டை வைத்திருப்பவரைத் தோளாலோ இடுப்பாலோ மோதி, வட்டினின்றும் பிரித்தல் விதிக்கு உட்பட்ட செயல். முழங்கையை உயர்த்துதல், தூரத்திலிருந்து பாய்ந்து மோதுதல், வட்டு இல்லாதவரைத் தடுத்தல் முதலியன தண்டனைக்குரியன. பருவகாலம் முடிந்ததும் முன்னணி அணிகள் ஸ்ரான்லி கிண்ணத்துக்காகச் சுற்றுச் சுற்றாக மோதும். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வெற்றிகளை முதலில் ஈட்டுவதே முன்னேறும். இக்கிண்ணச் சுற்றுக்களில் மோதல்கள் கடுமையாகும் என்பதும், மத்தியஸ்தரின் விசில் அரிதாகவே ஒலிக்கும் என்பதும் இரசிகரிடையே நெடுங்காலமாக நிலவும் கருத்துக்கள்.

அன்றைய ஆட்டம் கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டம். பிலடெல்பியா பிளையர்ஸ் அணி மூன்றுக்கு ஒன்று என முன்னிலையில் நின்று, பின்னர் இரு ஆட்டங்களைத் தொடர்ந்து இழந்திருந்தது. அதன் நட்சத்திர வீரர் எரிக் லின்ட்றொஸ் மூளை அதிர்ச்சிக் காயங்களினால் பல வாரங்கள் விலகியிருந்து, ஆறாவது ஆட்டத்திலேதான் களத்துக்கு மீண்டிருந்தார். முதற் பகுதியில் அவர் வட்டுடன் நியூ ஜேர்சி டெவில்ஸ் அணியின் நீலக்கோட்டைக் கடந்து நடுப்பகுதியை நோக்கித் திரும்பினார், தலை குனிந்திருந்தது, பார்வை வட்டின்மேல் இருந்தது. எதிரணித் தலைவர் ஸ்கொட் ஸ்ரீவன்ஸ் குறுக்கே வந்து மோதினார். அவரது தோள் லின்ட்றொஸின் தாடையைத் தாக்கியது. லின்ட்றொஸ் பனியிலே சாய்ந்தார். மத்தியஸ்தர் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. நியூ ஜேர்சி 2-1 என்ற கணக்கில் வென்று, அடுத்த சுற்றிலே கிண்ணத்தையும் கைப்பற்றியது. அவ்வாண்டுக் கிண்ணச் சுற்றின் சிறந்த வீரருக்கான விருது ஸ்ரீவன்ஸுக்கே கிடைத்தது. லின்ட்றொஸுக்கோ அது ஆறாவது மூளை அதிர்ச்சி; அடுத்த பருவகாலம் முழுவதும் அவர் ஆடவில்லை; பிலடெல்பியாவுக்காகப் பின்னர் ஒருபோதும் ஆடவில்லை.

இது இழிந்த ஆட்டமா? இவ்வினா இன்றும் ஓயவில்லை. சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். எமது ஊர்ச் சிறுவர் 'அளாப்புதல்' என்று குறிப்பது வெற்றி கருதிய பொய். ஈண்டு பேசப்படுவது அதுவன்று. விதிமீறல் என்பதும் இதற்கு முற்றிலும் ஒத்த சொல்லாகாது. விதியை மீறியும் இழிவுறாத செயல்கள் உண்டு. மட்டையால் எதிரியின் காலைத் தடுக்கி விழுத்தியவர் இரண்டு நிமிடம் வெளியே இருந்துவிட்டுத் தலைநிமிர்ந்தே திரும்புகின்றார். சகவீரரின் உடலை ஆட்டத்தின் தேவைக்கு அப்பால் அழிக்க முனைதலையே ஹொக்கி உலகு இழிவு என்று கொள்கின்றது.

இவ்வரையறையின்படி ஸ்ரீவன்ஸின் சார்பில் கூறப்படுவன வலிமையானவை. வட்டு எதிரியிடம் இருந்தது, மோதல் முன்னாலிருந்து வந்தது, மோதியது தோள். ஹொக்கி பழகும் சிறுவனுக்குத் தலையை நிமிர்த்தி வைத்திரு என்பதே முதற்பாடமாகப் புகட்டப்படுகின்றது. லின்ட்றொஸ் அதனை மறந்தார் என்பர். லின்ட்றொஸ் தாமே பேருடலர், பலரை மோதி வீழ்த்தியவர் என்பதையும் சேர்த்துக் கூறுவர். இவற்றுள் இறுதியானதை நான் ஏற்கவில்லை. ஒருவர் பிறரை மோதியவர் என்பதனால் அவரது தாடை பொதுச்சொத்தாகிவிடாது. எதிர்ப்பக்கத்தார், தலை குனிந்திருப்பதைக் கண்டும் தாடையின் வழியே மோதியது ஏன், மார்பிலே மோதி வட்டைப் பறித்திருக்கலாகாதா என்று கேட்பர். லின்ட்றொஸின் தலை ஏற்கெனவே பழுதுற்றது என்பதை அரங்கிலிருந்த அனைவரும் அறிந்திருந்தனர் என்பதும் அவர்தம் வாதம். இது மனத்தைத் தொடும் வாதமேயாயினும், பொறுப்பைத் தவறான தோளில் ஏற்றுகின்றது. காயமுற்றவரை முழுநலமுற்றவராகக் களத்துக்கு அனுப்பியது எதிரணி அன்று. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், தமது மூளை அதிர்ச்சியை அணியின் மருத்துவப் பணியாளர் கண்டறியத் தவறினர் என்று வெளிப்படையாகக் குறைகூறிய பின்னர் லின்ட்றொஸ் தலைமைப் பதவியினின்றும் நீக்கப்பட்டார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. காயத்தைப் பற்றிப் பேசுதலே குற்றமாகக் கருதப்பட்ட சூழல் அது.

இனி, எல்லைக்கோட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். உள்ளரங்கிலே ஒழுங்கமைக்கப்பட்ட முதலாவது ஆட்டம் 1875 மார்ச் 3இல் மொன்றியலில் நடைபெற்றது. 1877இல் அந்நகரப் பத்திரிகையில் வெளியான விதிகளே பின்னாலிருந்து மோதுதலையும் காலைத் தடுக்கி விழுத்துதலையும் விலக்கியிருந்தன. உடல் மோதலின் எல்லை பற்றிய கவலை ஆட்டத்தோடு உடன்பிறந்தது என்பதற்கு இதுவே சான்று. 1933 டிசம்பர் 12இல் பொஸ்ரன் வீரர் எடி ஷோர், ரொறன்ரோ வீரர் ஏஸ் பெய்லியைப் பின்னாலிருந்து மோதி வீழ்த்தினார். பெய்லியின் மண்டையோடு பிளந்தது. உயிர் தப்பினார், ஆனால் மீண்டும் ஆடவில்லை. ஷோர் 16 ஆட்டங்களுக்குத் தடைசெய்யப்பட்டார். 1934 பெப்ரவரி 14இல் பெய்லிக்கு நிதிதிரட்ட ரொறன்ரோவில் நடந்த ஆட்டத்தில் இருவரும் கைகுலுக்கினர். மக்கள் ஆரவாரித்தனர். விதி அவ்விடத்திலேயே நின்றது. 1968 ஜனவரியில் மினசோற்றா வீரர் பில் மாஸ்ரர்ட்டன் மோதலொன்றில் வீழ்ந்து பனியில் தலை மோதி, இரு நாட்களின் பின் இறந்தார். லீக்குக்குப் புதிதாக வருவோருக்குத் தலைக்கவசம் கட்டாயமாவதற்கு அதன் பின்னும் பதினோராண்டுகள் சென்றன. 1979இலேயே அவ்விதி வந்தது.

இத்தாமதத்துக்கு மரபுப் பற்றை மட்டும் காரணங் காட்டுதல் போதாது. மோதல் ஒரு விற்பனைப் பண்டமாகவும் இருந்தது. தொலைக்காட்சி விமர்சகர் டொன் செரி 1989 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த ஒளிநாடாக்களில் கோல்களோடு கடும் மோதல்களும் தொகுத்து விற்கப்பட்டன. கரகோஷம் செய்த அரங்கும், அதனை விற்ற வாணிகமும், அதற்குப் பரிசளித்த லீக்கும் ஒருபுறம் இருக்க, மோதியவர் ஒருவரை மட்டும் தனியே பிடித்து இழிந்தவரா என்று விசாரித்தல் வசதியான விசாரணையே.

கோடு நகர்ந்தது 2010இல். அவ்வாண்டு மார்ச் 7ஆம் திகதி பிற்ஸ்பேர்க் வீரர் மற் குக், பொஸ்ரன் வீரர் மார்க் சவார்டைப் பார்வைக்கு மறைவான பக்கத்திலிருந்து தலையில் மோதினார். தண்டனை இல்லை, தடையும் இல்லை, விதிப்புத்தகத்தில் அதற்கு இடமே இருக்கவில்லை. இதனால் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக அடுத்த பருவகாலத்தில் 48ஆம் விதி தலைக்குறி மோதலைத் தடைசெய்தது. முதலில் பக்கவாட்டிலிருந்தும் மறைவிலிருந்தும் வரும் மோதலுக்கே அது பொருந்திற்று. 2011இல் அவ்வரம்பும் நீக்கப்பட்டது. அவ்வாண்டு அமைக்கப்பட்ட வீரர் பாதுகாப்புத் திணைக்களத்தின் தலைவர் பிறென்டன் ஷனஹன், தடைகளுக்கான காரணங்களை ஒளிப்படத்துடன் மக்களுக்கு விளக்கும் வழக்கத்தைத் தொடக்கினார். ஷனஹனை 1991இல் செயின்ற் லூயிஸ் அணி ஒப்பந்தம் செய்தமைக்கு ஈடாகவே ஸ்ரீவன்ஸ் நியூ ஜேர்சிக்கு வழங்கப்பட்டிருந்தார் என்பது வரலாற்றின் குறும்பு.

2000ஆம் ஆண்டு மோதல் இன்று நிகழ்ந்தால் பெருந்தடைக்கு உள்ளாகும் என்பர் பலர். அது பெரும்பாலும் உண்மையாகலாம். ஆயினும் அதிலிருந்து ஸ்ரீவன்ஸ் இழிந்த ஆட்டக்காரர் என்ற முடிவுக்குத் தாவுதல் பிற்காலச் சட்டத்தை முற்காலத்தின்மேல் சுமத்துவதாகும். அவர் தம் காலத்து விதிக்குள், தம் காலத்து வீரர் கற்பித்தவாறே ஆடினார். அவரை விடுவிக்கலாம். ஆனால் காலத்தின் பெயரால் அனைவரையும் விடுவித்தல் இயலாது. தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடி மூளையைக் கெடுக்கும் என்பது குத்துச்சண்டை வீரரை ஆராய்ந்த மருத்துவரால் 1928இலேயே எழுதப்பட்டது. தேசிய ஹொக்கி லீக் தானே வீரர் சங்கத்துடன் இணைந்து 1997இல் மூளை அதிர்ச்சி ஆய்வுத் திட்டத்தைத் தொடக்கியிருந்தது. லின்ட்றொஸின் தம்பி பிறெற், 1996இல் இருபது வயதில், இதே காயத்தினால் ஆட்டத்தைத் துறந்தவர். அறியாமை என்ற புகலிடம் மோதிய வீரருக்கு உண்டு, விதியியற்றியோருக்கு இல்லை.

2003 ஜூன் 7இல் கிண்ண இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், வட்டைத் தள்ளிவிட்ட போல் கரியாவை ஸ்ரீவன்ஸ் மோதிச் சாய்த்தார். இம்முறை வட்டு அகன்றபின் வந்த மோதல் அது. என் கணிப்பில் ஸ்ரீவன்ஸுக்குச் சாதகமாகப் பேசுதல் இங்கேதான் கடினமாகின்றது. தண்டனை இல்லை. மயங்கிக் கிடந்த கரியா அதே ஆட்டத்தில் திரும்பிவந்து கோல் அடித்தார். அதனை வீரம் என்று போற்றினர். எட்டாண்டுகள் கழித்து, 2011 ஜூன் 6இல், அதே இறுதிச் சுற்றில் வட்டை விட்டுவிட்ட நேதன் ஹோட்டனை வன்கூவர் வீரர் ஏரன் றோம் மோதியபோது, அவர் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டு நான்கு ஆட்டங்களுக்குத் தடையும் பெற்றார். கரியா மூளை அதிர்ச்சிகளின் விளைவாக அதே 2011இல் ஓய்வு பெற்றார். ஸ்ரீவன்ஸின் இறுதி ஆட்டமோ 2004 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது; அவரையும் களத்தினின்றும் அகற்றியது மூளை அதிர்ச்சியின் பின்விளைவே. அப்போதும் அந்த விதிப்புத்தகத்தில் தலையை நோக்கிய தோள்மோதலை விலக்கும் விதி ஒன்றேனும் இருக்கவில்லை.