மாவு மூட்டையும் மவுத் ஆர்கனும்

நம் ஊர்க் கச்சேரிகளில் பாடகரின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறோம். பிடிலுக்கும் மிருதங்கத்துக்கும் அதன் கீழே சிறிய எழுத்து. அதுவாவது கிடைக்கிறதே என்று பக்கவாத்தியக்காரர்கள் திருப்தி அடைய வேண்டியதுதான். அமெரிக்காவில் ஒரு வாத்தியக் கோஷ்டிக்கு இன்னும் விசித்திரமான கதி நேர்ந்தது. அதற்குத் தலைவரின் பெயரும் கிடைக்கவில்லை, ஊரின் பெயரும் கிடைக்கவில்லை. ஒரு கோதுமை மாவின் பெயர் கிடைத்தது!

அந்த ஊர் ஹெலினா. அர்க்கன்ஸா மாநிலத்தில் மிஸிஸிப்பி நதியின் மேல்கரையில் இருக்கும் சிறிய துறைமுகப் பட்டினம். சுற்றிலும் பருத்திக் காடு. அங்கே வாரத்துக்கு உழுது, விளைந்ததில் நிலக்காரர் பங்கும் கடைக்காரர் கடனும் போக மிஞ்சியதில் காலம் தள்ளிய கறுப்பு மக்களின் சங்கீதத்துக்கு 'புளூஸ்' என்று பெயர். ஓர் அடியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்லுவார்கள். நம் ஒப்பாரியின் துயரத்தோடு தெம்மாங்கின் குறும்பையும் சேர்த்துக் குழைத்தால் ஏறக்குறைய அந்த ருசி வரும்.

1941 நவம்பரில் ஹெலினாவில் கே.எப்.எப்.ஏ. என்ற வானொலி நிலையம் ஏற்பட்டது. அங்கே இரண்டு பேர் போய் வாசிக்க இடம் கேட்டார்கள். ஒருவர் மவுத் ஆர்கன் வாசிப்பவர், மற்றவர் கிதார். 'விளம்பரதாரர் ஒருவர் கிடைத்தால் வாசிக்கலாம்' என்று பதில் வந்தது. ஊரின் மளிகை மொத்த வியாபாரி ஒருவர் முன்வந்தார். அவர் விற்ற மாவுக்குக் 'கிங் பிஸ்கட்' என்று பெயர். பிஸ்கட் என்றால் நாம் டீயில் தோய்த்துத் தின்கிறோமே, அதுவல்ல. அந்தப் பக்கத்து வீடுகளில் சுடச்சுடச் செய்யும் மெத்தென்ற சிறு ரொட்டி. பகல் பன்னிரண்டே கால் மணிக்குக் கால் மணி நேரக் கச்சேரி. பருத்திக் காட்டில் ஆட்கள் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் அது. நடுநடுவே மாவின் புகழ் பாட வேண்டும். அதற்குப் பதிலாக, இரவில் எங்கே வாசிக்கப் போகிறோம் என்பதை வானொலியிலேயே சொல்லிக்கொள்ளலாம். வயிற்றுப்பாட்டுக்கு அந்த அறிவிப்புத்தான் ஆதாரம்.

மாவு நன்றாக விற்றது. பிறகு ஒரு சோள மாவுக்கு மவுத் ஆர்கன்காரரின் பெயரையே வைத்து, பையில் அவர் படத்தையும் போட்டார்கள். 'ஸன்னி பாய் வில்லியம்ஸன்' என்பது அந்தப் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரும் இரவல்! அதே பெயரில் ஜான் லீ வில்லியம்ஸன் என்பவர் 1937 முதலே இசைத்தட்டுகளில் பிரசித்தி பெற்றிருந்தார். 1948இல் சிகாகோவில் அவர் கொலையுண்டார். நம்மவர் ரைஸ் மில்லர் என்று அறியப்பட்டவர். பிறந்த வருஷத்தைக்கூட ஒவ்வொருவரிடம் ஒவ்வொன்றாகச் சொன்ன மனிதர். வானொலியில் பத்து வருஷம் வாசித்துப் பெயர் எடுத்த பிறகு, 1951இல்தான் முதல் இசைத்தட்டுக்கு வாசித்தார்.

இனி அவருக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்ப்போம்.

கிதார் வாசித்தவர் ராபர்ட் லாக்வுட். ராபர்ட் ஜான்ஸன் என்ற மேதை இவருடைய தாயாருடன் வாழ்ந்த காலத்தில் இவருக்கு வித்தை கற்றுக் கொடுத்தார். ஜான்ஸன் 1938இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தச் சொத்தைக் காப்பாற்றிய சீடர், மின்சாரக் கிதாரில் ஜாஸ் சாயலும் கலந்து தினம் பகலில் காற்றில் விட்டார். பிறகு போட்டி மாவு ஒன்றுக்கும் அதே நிலையத்திலேயே வாசித்தார். கலைஞனுக்கு எந்த மாவானால் என்ன?

பியானோவுக்கு முதலில் டட்லோ டெய்லர். பிறகு பைன்டாப் பெர்க்கின்ஸ். பெர்க்கின்ஸ் கிதாரும் வாசித்தவர்தான். ஹெலினாவில் ஒரு நடனக்காரி கத்தியால் குத்தியதில் இடக்கை நரம்பு அறுந்து, கிதார் அவரை விட்டுப் போயிற்று. பியானோவே கதி என்று உட்கார்ந்தார். அந்தக் கையோடுதான் 1969இல் மடி வாட்டர்ஸின் புகழ்பெற்ற கோஷ்டியில் சேர்ந்தார். 2011இல், தொண்ணூற்றேழாம் வயதில், கிராமி பரிசும் வாங்கினார். அடுத்த மாதமே காலமானார்.

டிரம் வாசித்தவர் பெக் கர்ட்டிஸ். துணி துவைக்கும் தகரப் பலகையைக்கூடத் தாளவாத்தியமாக்கியவர். தலைவர் ஸன்னி பாய் ஓர் ஊர்சுற்றி. நினைத்தபோது போவார், நினைத்தபோது வருவார். கோஷ்டிக்கு அச்சாணியாக ஹெலினாவில் இருந்தவர் கர்ட்டிஸ்தான்.

இந்தக் கால் மணி நேரம் ஒரு பள்ளிக்கூடமாகவே இருந்தது. வயலில் வேலை செய்துகொண்டிருந்த பி.பி. கிங் சாப்பாட்டு வேளையில் இதைக் கேட்டு வளர்ந்தார். 1948இல் ஸன்னி பாய் வேறொரு நிலையத்தில் வாசித்துக் கொண்டிருந்தபோது, தேடிப் போய் வாய்ப்புக் கேட்டு முன்னுக்கு வந்தார். பக்கத்துக் கிராமத்து வெள்ளைக்காரச் சிறுவன் லெவான் ஹெல்ம், கர்ட்டிஸின் கையையே பார்த்துக் கொண்டிருப்பான். பிற்காலத்தில் 'தி பாண்ட்' கோஷ்டியின் டிரம் வாத்தியக்காரனாக உலகப் புகழ் பெற்றவன் அவன்தான்.

ஸன்னி பாயும் ஐரோப்பாவைக் கண்டார். 1963இல் அங்கே போனவருக்கு ராஜ மரியாதை கிடைத்தது. இங்கிலாந்தின் இளைஞர்கள் அவருக்குப் பின்னால் நின்று வாசிப்பதைப் பாக்கியமாகக் கருதினார்கள். ஆனாலும் 1965இல் ஹெலினாவுக்கே திரும்பி, பழையபடி மாவு நிகழ்ச்சியில் உட்கார்ந்தார். அந்த வருஷம் மே 25ஆம் தேதி, கச்சேரிக்கு நேரமாகியும் அவர் வரவில்லை. அவரைத் தேடிக்கொண்டு அவர் தங்கியிருந்த அறைக்குப் போனவர் பெக் கர்ட்டிஸ். ஸன்னி பாய் படுக்கையில் இறந்து கிடந்தார்.

கர்ட்டிஸ் 1970இல் ஹெலினாவிலேயே கண்ணை மூடினார். லாக்வுட் 2006 வரை, தொண்ணூற்றொரு வயது வரை, வாழ்ந்தார். நிகழ்ச்சி மட்டும் ஓயவில்லை. 1951 முதல் அதை அறிவித்து வந்த ஸன்னி பெய்ன் 2018இல் இறப்பதற்குள் எண்ணிக்கை பதினேழாயிரத்தைத் தாண்டிவிட்டது. 1986 முதல் ஹெலினாவில் ஒரு சங்கீத விழாவும் தொடங்கினார்கள். அதற்கும் மாவின் பெயர்தான்!

மாவுக்கு அந்தப் பெருமை வந்தது எப்படி? அதைப் பிசைந்து ரொட்டி சுட்டவர்களாலா? இல்லை. ஒரு மவுத் ஆர்கனாலும், அதற்குப் பின்னால் நின்ற ஒரு கிதாராலும், காயம்பட்ட ஒரு கையாலும், தலைவரைத் தேடிப் போன ஒரு டிரம்காரராலும் வந்தது. மாவின் பெயரைச் சொல்லுகிறவர்கள் லாக்வுட், டெய்லர், பெர்க்கின்ஸ், கர்ட்டிஸ் என்ற நாலு பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். சின்ன எழுத்திலாவது சொல்லட்டும்.