கங்காணியின் கடனும் திருச்சபையின் கடமையும்

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அருகே நீர்வளம் மிக்க பகுதியில் அது அமைந்துள்ளது. ஆயினும் வயலின் செழிப்பு உழுதவனுக்கு உரிமையாகிவிடுவதில்லை. நிலமும் நீரும் சிலர் கையில் இருந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையின் நிலமற்ற மக்கள் மலையைக் கடந்து திருவிதாங்கூர்த் தோட்டங்களுக்கும், கடலைக் கடந்து இலங்கைக்கும் சென்றனர். இலங்கைக்குச் சென்றவர்களோடு திருச்சபையும் சென்றதால் அவர்களின் வரலாற்றையே இங்கு ஆராய்கிறோம்.

ஆங்கிலப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறியது. தொழிற்புரட்சி கண்ட நாடுகளோ காப்பியையும் தேயிலையையும் மேன்மேலும் வேண்டின. இலங்கைக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் பெரும்பாலும் ஊரார் அல்லது உறவினர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரே. இவ்வாறு உறவே கடனாக மாறிற்று. கடன்தொகை குறித்த 'துண்டு' தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தது. இம்முறை 1921-இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது.

காப்பிக் காலத்தில் ஆண்களே பெரும்பாலும் பருவந்தோறும் சென்று மீண்டனர். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலை வந்தது. பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் தங்கிவிட்டன. சாதியும் குலதெய்வமும் உடன் சென்றன. ஊர் திரும்பும் நாள் மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று.

1850-களின் நடுவில் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' ஊழியத்திற்கு நெல்லையிலிருந்து உபதேசியார்கள் சென்றனர். தோட்டத் துரைமார் அதற்குப் பொருளுதவி செய்தனர். லயங்களில் நற்செய்தியும் எழுத்தறிவும் பரவியதை நன்றியோடு நினைவுகூர்கிறோம். எனினும் துரைமாரின் பணத்தில் நடந்த ஊழியம், துண்டு முறையை எதிர்த்து எவ்வளவு உரத்துப் பேசியிருக்க முடியும் என்ற கேள்வியையும் நாம் கேட்கவேண்டும்.

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க இசைந்தன. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டவர்களில் பலர் அத்தாயகத்தை அதற்குமுன் கண்டதேயில்லை.

பஞ்சத்தால் மோவாபுக்குச் சென்ற நகோமி வெறுமையாய்த் திரும்பினாள். பெத்லகேமில் அவளுக்குக் கேட்பாரற்ற நிலை ஏற்படவில்லை. ஏழைக்கென வயலில் கதிரை விட்டுவைக்கச் சொல்லும் நியாயப்பிரமாணம் அங்கு இருந்தது. உபதேசியாரை அனுப்பிய நெல்லைச் சபைகள், திரும்பி வந்தோரின் பிள்ளைகளுக்கு வீட்டுமனை, கல்வி, சபையில் சம இடம் ஆகியவை கிடைத்தனவா என்று விசாரிக்கக் கடமைப்பட்டுள்ளன. அவ்விசாரணையை நம் சபைகளிலிருந்தே தொடங்குவோமாக.