தூத்துக்குடி முதல் உத்தண்டி வரை: வணிகக் கப்பல் அலுவலர் கல்வி

வ.உ.சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனி, இந்தியருக்கும் இலங்கையருக்கும் கப்பல் செலுத்தவும் கட்டவும் பயிற்சியளிப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக வகுத்திருந்தது. கம்பெனியின் வீழ்ச்சியால் அந்நோக்கம் நிறைவேறவில்லை.

அக்காலத்தில் இந்தியர் பெரும்பாலும் 'லஸ்கர்' எனப்பட்ட கடைநிலை மாலுமிகளாகவே பணியாற்றினர்; ஆணையிடும் பதவிகள் ஐரோப்பியர் வசமிருந்தன. இந்நிலையை மாற்ற, தஞ்சை மாவட்டத்தவரான பி.எஸ்.சிவசாமி ஐயர் 1922-இல் மத்தியச் சட்டமன்றத்தில் இந்திய வணிகக் கப்பல் துறை குறித்த தீர்மானத்தை முன்மொழிந்தார். அதையொட்டி அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1927-இல் பம்பாயில் 'டஃபரின்' பயிற்சிக் கப்பல் தொடங்கப்பெற்றது. அதன் பணியை 1972 முதல் 'ராஜேந்திரா' கப்பலும், 1993 முதல் கரையிலமைந்த 'சாணக்கியா' நிறுவனமும் தொடர்ந்தன.

2008-இல் கேளம்பாக்கத்திற்கு வடக்கேயுள்ள உத்தண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் உருவானபோது, சாணக்கியாவும் அதனுள் இணைந்தது. கடல்வழியறிதல், கப்பலின் சமநிலை, வானிலையியல், கடற்சட்டம் முதலியன இன்று பட்டப்படிப்பின் பாடங்களாக உள்ளன.

எனவே, இக்கல்வியை வேலைவாய்ப்புக்குரிய தொழிற்கல்வியாக மட்டும் மதிப்பிடுவது முழுமையாகாது. கப்பலை உடைமையாகப் பெறுவதோடு அதனை நடத்தும் அறிவையும் அதிகாரத்தையும் வேண்டிய சுதேசியச் சிந்தனையின் தொடர்ச்சியாகவும் அதனைக் கொள்ளுதல் தகும்.