நிராகரிக்கப்பட்ட ஒரு கட்டுரையும் இழுப்பறையில் கிடந்த படிகங்களும்

குறைக்கடத்தி லேசரின் வரலாற்றை வெளியீட்டுப் பட்டியல்களை மட்டும் கொண்டு எழுதுவோமானால், 1962ஆம் ஆண்டே பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அவ்வாண்டு ஜூலையில் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த மாநாட்டில், காலியம் ஆர்சினைடு டையோடுகள் மிகுந்த திறனுடன் அகச்சிவப்பு ஒளியை உமிழ்கின்றன என்று லிங்கன் ஆய்வகத்தினர் அறிவித்தனர். பிறகு தொடங்கியது ஓட்டப்பந்தயம். ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த ராபர்ட் ஹால் குழுவின் கட்டுரை செப்டம்பர் 24 அன்று ஆய்விதழை அடைந்து, நவம்பர் 1 அன்று அச்சேறியது. ஐபிஎம்மின் மார்ஷல் நேதன் குழுவினரின் கட்டுரையும் அதே நாளில் வேறோர் இதழில் வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் மற்றோர் ஆய்வகத்திலிருந்து நிக் ஹோலன்யாக்கும், லிங்கன் ஆய்வகத்தினரும் டிசம்பரில் வந்து சேர்ந்தனர். முந்தியவர் யார் என்பதை இன்றும் நாள்கணக்கில் வாதிடுகிறோம்.

ஆனால் அந்த லேசர்கள் திரவ நைட்ரஜனின் குளிரில், துடிப்புத் துடிப்பாக மட்டுமே ஒளிர்ந்தன. அறை வெப்பநிலையில் அவற்றை இயக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்பட்டது. தொடர்ந்து செலுத்தினால் டையோடு கருகிவிடும். செலுத்தப்படும் எலெக்ட்ரான்கள் ஒளி பிறக்க வேண்டிய இடத்தில் தங்காமல் கசிந்தோடியதே காரணம்.

1963 மார்ச்சில் கலிபோர்னியாவின் வேரியன் நிறுவனத்தில் நடந்த ஓர் உள்ளரங்க உரையில், இக்குறையைத் தீர்க்கவே இயலாது என்று கூறப்பட்டதைக் கேட்ட ஹெர்பர்ட் குரோமர் அங்கேயே மறுத்தார். ஒளிதரும் மெல்லிய அடுக்கின் இருபுறமும் அதைவிட அகன்ற ஆற்றல் இடைவெளி கொண்ட வேறொரு குறைக்கடத்தியை வைத்தால், அது வேலிபோல் நின்று எலெக்ட்ரான்களைத் தடுக்கும். இதுவே இரட்டை ஹெட்டெரோ அமைப்பு. அவர் எழுதிய கட்டுரையை 'அப்ளைடு பிசிக்ஸ் லெட்டர்ஸ்' நிராகரித்தது. போராட வேண்டாம் என்ற அறிவுரையை ஏற்று வேறோர் இதழுக்கு அனுப்பினார். 1963 டிசம்பரில் வெளிவந்த அதை எவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இவ்வகை லேசருக்குப் பயன்பாடே இராது என்று கூறி நிறுவனமும் ஆதரவளிக்க மறுத்தது. அவர் வேறு துறைக்குத் திரும்பினார்.

லெனின்கிராடின் இயோஃபே நிறுவனத்தில் ஜோரஸ் அல்ஃபெரோவும் ருடால்ஃப் கசாரினோவும் இதே கருத்துக்கு அதே மார்ச் மாதத்தில் உரிமைச் சான்று கோரியிருந்தனர். அவர்களுக்கு இருந்த தடை பொருள் சார்ந்தது. காலியம் ஆர்சினைடோடு அணுக்கட்டமைப்பில் பொருந்தக்கூடிய அலுமினியம் ஆர்சினைடு ஈரக்காற்றில் சிதைந்துவிடும். ஆகவே இரண்டின் கலவையும் நிலைக்காது என்று கருதப்பட்டது. இரண்டாண்டுகளுக்குமுன் ஒரு சக ஆய்வாளர் தயாரித்த அக்கலவைப் படிகங்கள், அவருடைய மேசை இழுப்பறையில் எந்தச் சேதமுமின்றிக் கிடந்தது 1966இன் இறுதியில் தெரியவந்தது! இத்தகைய செய்தியை எந்த வெளியீட்டுப் பட்டியலில் தேடுவது? 1970இல் அறை வெப்பநிலையில் தொடர்ந்து ஒளிரும் லேசரை முதலில் லெனின்கிராடும், சில வாரங்களில் பெல் ஆய்வகத்தின் ஹயாஷியும் பானிஷும் எட்டினர். தேவைப்படும் மின்னோட்டம் ஆயிரம் ஆம்பியர் அளவுக்கு இறங்கியிருந்தது. கண்ணாடி இழைத் தொலைத்தொடர்பும் குறுந்தகடும் அதன்மேல் எழுந்தவை. 2000ஆம் ஆண்டு நோபல் பரிசின் ஒரு பாதியை அல்ஃபெரோவும் குரோமரும் பகிர்ந்துகொண்டனர். 1962இன் நான்கு குழுக்களில் எவருக்கும் இக்கண்டுபிடிப்புக்காக நோபல் கிடைக்கவில்லை; அது நியாயமா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நீக்கிவிட்டது. ஆயினும் நேர்முகத் தேர்வுகளில் முதலில் புரட்டப்படுவது வெளியீட்டுப் பட்டியல்தான். அதில் ஓர் இதழின் மதிப்பை நிர்ணயிக்கும் தாக்கக் காரணி, முந்தைய இரண்டே ஆண்டுகளின் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை எண்ணுகிறது. மேலே சொன்ன கசாரினோவ், 1971இல் சூரிஸுடன் இணைந்து இன்னொரு கட்டுரை எழுதினார்: நானோமீட்டர் அடுக்குகளின் குவாண்டம் நிலைகளுக்கிடையே எலெக்ட்ரான் தாவுவதைக் கொண்டே ஒளியைப் பெருக்கலாம் என்பது அதன் கருத்து. அத்தனை மெல்லிய அடுக்குகளை அன்று எவராலும் நம்பகமாக வளர்க்க இயலவில்லை. மூலக்கூற்றுக் கற்றை முறை முதிர்ந்தபின், பெல் ஆய்வகத்தில் ஃபைஸ்ட், கபாசோ, சோ உள்ளிட்டோர் குவாண்டம் அருவி லேசரை ஒளிரச் செய்தது 1994இல். இடையில் கழிந்தவை 23 ஆண்டுகள்.