மயக்கமும் மரப்பும்: மேல்தாடைப் பல் மருத்துவ ஊசிமுறையின் வரலாறும் தமிழ்ச் சொல்வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

நினைவை இழக்கச் செய்யும் மருந்துக்கும், ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருந்துக்கும் தமிழில் ‘மயக்க மருந்து’ என்ற ஒரே பெயர் வழங்குகிறது. மருத்துவ வரலாற்றில் இவை இரண்டும் வெவ்வேறு காலத்தன. மேல்தாடைப் பற்களுக்கான ஊசிமுறையின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு, இச்சொல்வழக்கின் பின்னணியையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மேல்தாடை, நரம்புத்தடை, கிறீன், கலைச்சொல், வீரபாண்டி.

முன்னுரை

திருப்பூர் – பல்லடம் சாலையை ஒட்டிய வீரபாண்டி, பின்னலாடைத் தொழிலாளர் நிறைந்த பகுதி. இங்குக் கூலி ‘ஷிப்ட்’ கணக்கில் எண்ணப்படுகிறது. எட்டு மணிநேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணிநேரம் ஒன்றரை ஷிப்ட். இத்தகைய வாழ்க்கையில், பல் பிடுங்க ‘மயக்க ஊசி’ போடப்படும் என்று கேட்கும் தொழிலாளிக்கு அச்சொல் ஒருநாள் கூலியின் இழப்பாகவும் பொருள்படக்கூடும். அச்சொல் இவ்வூசிக்கு எவ்வாறு வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

மயக்கத்தின் காலம்

வலி நீக்கும் முயற்சியில் பல் மருத்துவர்களே முன்னின்றனர். 1844 டிசம்பரில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை உட்கொண்டு தம் பல்லையே பிடுங்கச் செய்தார். 1846 அக்டோபர் 16 அன்று வில்லியம் மார்ட்டன் பாஸ்டனில் ஈதரின் ஆற்றலை மெய்ப்பித்தார். அடுத்த ஆண்டில் சிம்சன் குளோரோஃபார்மைப் பயன்படுத்தினார். இவை யாவும் நினைவை மங்கச் செய்தோ போக்கியோ வலியை நீக்கியவை. அக்காலத்தில் வலிநீக்கம் என்பது பெரும்பாலும் மயக்கமாகவே இருந்தது.

அதே 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பயிற்சி அளித்த அவர், 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். அவரும் அவர்தம் மாணாக்கரும் துரூயிற்றின் அறுவை மருத்துவ நூலை ‘இரண வைத்தியம்’ (1867) எனவும், கிரேயின் உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) எனவும் தமிழில் தந்தனர். மேல்தாடை ஊசிமுறைக்கு வேண்டிய அடிப்படை அறிவு எலும்பும் நரம்பும் பற்றிய உடற்கூறே ஆகும். அம்முறை தோன்றுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் உடற்கூற்றுப் பெருநூல் இருந்தது என்பது கருதத்தக்கது.

1884: மரப்பின் தொடக்கம்

கிறீன் 1873இல் தாயகம் திரும்பி, 1884 மே மாதத்தில் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில், கோக்கைன் கரைசல் கண்ணை மரக்கச் செய்வதை வியன்னா மருத்துவர் கார்ல் கொல்லரின் ஆய்வு உலகிற்கு அறிவித்தது. நவம்பரில் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் ரிச்சர்டு ஹாலும் இம்மருந்தை நரம்பின் அருகே ஊசிவழிச் செலுத்தினர். ஹாலின் மேல் வெட்டுப்பல்லை அடைக்க, நாஷ் என்னும் பல் மருத்துவர் கண்குழிக்குக் கீழுள்ள எலும்புத்துளையின் அருகில் ஊசியிட்டார். மேலுதட்டின் ஒரு பாதியும் கன்னமும் மரத்தன. ஹாலின் நினைவு தெளிவாகவே இருந்தது. பல் மருத்துவ நரம்புத்தடையின் முதற்பதிவுகளுள் ஒன்று இவ்வாறு மேல்தாடையில் நிகழ்ந்தது.

எனினும் கோக்கைன் அடிமைப்படுத்தும் இயல்பினது. ஹால்ஸ்டெட்டும் ஹாலும் அதற்கு இரையாயினர். 1903இல் ஹைன்ரிக் பிரவுன் மரப்பு மருந்துடன் அட்ரினலின் சேர்க்கும் முறையை விளக்கினார். அது இரத்தக்குழாய்களைச் சுருக்கி, மருந்தை ஊசியிட்ட இடத்திலேயே நிறுத்துகிறது. ஐன்ஹார்ன் உருவாக்கிய புரோக்கைன் 1905இல் பயன்பாட்டிற்கு வந்தது. லோஃப்கிரென் 1943இல் உருவாக்கிய லிக்னோக்கைன் 1948இல் விற்பனைக்கு வந்தது. அதே 1948இல் இந்தியப் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. அங்குப் பயிற்றுமொழி ஆங்கிலமாக அமைந்தது.

மேல்தாடையின் தனித்தன்மை

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பகுதியின் புறஎலும்பு தடித்தது. அங்கு நரம்புத்தடையே பெரிதும் வேண்டும். மேல்தாடையின் புறஎலும்பு மெல்லியது, நுண்துளைகள் மிக்கது. எனவே பல்வேரின் நுனிக்கு அருகே இடும் மருந்து எலும்பினுள் ஊடுருவி நரம்பிழைகளை அடைகிறது. பல பற்களை மரக்கச் செய்ய வேண்டுமாயின் நரம்புத்தடை பயன்படும். பின்மேல் பல்நரம்பு கடைவாய்ப் பற்களுக்கும், முன்மேல் பல்நரம்பு வெட்டுப்பற்களுக்கும் கோரைப்பல்லுக்கும் செல்கின்றன. இடைமேல் பல்நரம்பு எல்லாரிடமும் இருப்பதில்லை. அது இருப்பவர்களில் முதற்கடைவாய்ப்பல்லின் ஒரு வேருக்கு அதிலிருந்தே உணர்வு செல்வதால், பின்நரம்பை மட்டும் தடுத்தால் வலி எஞ்சக்கூடும்.

பல் பிடுங்குவதற்கு அண்ணப்பக்கமும் மரக்க வேண்டும். அண்ணத்தின் சவ்வு எலும்போடு இறுகப் பொருந்தியிருப்பதால், அங்கு இடும் ஊசி மிகுதியாக வலிக்கும். ஊசியிடும் இடத்தை முன்னரே அழுத்திப் பிடிப்பதும், மருந்தை மெல்லச் செலுத்துவதும் அவ்வலியைத் தணிக்கும். பின்மேல் நரம்புத்தடையில் ஊசி மிகை ஆழம் சென்றால், அருகிலுள்ள சிரைப்பின்னலில் குருதி கசிந்து கன்னம் வீங்கக்கூடும்.

சொல்லும் அதன் விளைவும்

மேற்கண்ட முறைகள் எவற்றிலும் மயக்கம் இல்லை. ஈதர், குளோரோஃபார்ம் காலத்துக்கு உரிய பெயர், அவற்றுக்குப் பின் வந்த ஊசிக்கும் நீண்டது. மரப்பு ஊசி வந்த காலத்தில் தமிழ், மருத்துவக் கல்லூரியின் பயிற்றுமொழியாக இல்லாமை இதற்கு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. புதிய முறையைத் தமிழில் பயின்று, அதற்குரிய பெயரை நோயாளியிடம் கொண்டுசெல்லும் வழி அமையவில்லை.

சொல் தமிழில் இல்லாமலில்லை. ‘கால் மரத்துவிட்டது’ என்பது அன்றாடப் பேச்சு. ‘மரப்பு ஊசி’ எனின் வீரபாண்டித் தொழிலாளிக்கு நினைவு தவறாது என்பது விளங்கும். அட்ரினலின் கலந்த லிக்னோக்கைனால் பல்லின் மரப்பு ஏறக்குறைய ஒரு மணிநேரமும், உதடு, கன்னத்தின் மரப்பு மூன்று முதல் ஐந்து மணிநேரமும் நீடிக்கும். அதுவரை சூடான தேநீரும் உதட்டைக் கடித்தலும் தவிர்க்கத்தக்கவை. அன்று வேலைக்குச் செல்லலாமா என்பதைப் புண்ணின் தன்மையும் உடல்நிலையும் முடிவு செய்யும். ‘மயக்க ஊசி’ என்ற பெயரோ இவ்விளக்கத்தைக் கேட்குமுன்பே அச்சத்தை விதைத்து, சிகிச்சையைத் தள்ளிப்போடத் தூண்டக்கூடும்.

முடிவுரை

1884இல் நிகழ்ந்த மாற்றம் மருந்தளவில் தமிழகத்தை எட்டியது; சொல்லளவில் முழுமையாக எட்டவில்லை. நோயாளியின் ஒப்புதல் அவருக்குப் புரியும் சொல்லைச் சார்ந்தது. ஆதலின் ஒப்புதல் படிவங்களிலும் பாடநூல்களிலும் ‘மயக்கம்’, ‘மரப்பு’ எனும் இரண்டையும் வேறுபடுத்தி வழங்குவது மருத்துவக் கடமையாகவும் கலைச்சொல் ஆய்வின் உடனடிப் பணியாகவும் அமைகிறது.